தொட்டிக்குள் ஒரு கடல்

வானம் பார்த்த பூமியாகிய வீரசோழன் பக்கத்தில், வீட்டிற்குள் கடல் மீன் வளர்க்க இயலுமா என்று கேட்போர் உண்டு. இயலும். ஆனால் மீனைத் தேடுமுன் மணலைத் தேட வேண்டும்.

திருச்சுழி வழியே ஓடும் குண்டாற்றின் மணல் கண்ணுக்கு அழகாயிருக்கும். எனினும் அது பெரும்பாலும் கல்லின் பொடி. கடல் நீருக்குரிய காரத் தன்மையைக் காக்க அது உதவாது. சுண்ணாம்புச் சத்துள்ள கிளிஞ்சல் மணலே ஏற்றது. ஒரு சிட்டிகை மணலில் காடியையோ எலுமிச்சைச் சாற்றையோ விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு மணல். வாளாவிருந்தால் கல் மணல்.

பவளப் பாறைத் தூளுக்கு ஆசைப்படல் ஆகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு, சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளத்தை வெட்டியெடுத்ததன் விளைவாக நீரில் மூழ்கின. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதை எடுப்பதும் விற்பதும் குற்றம். நம் வீட்டு அழகுக்காகக் கடலின் வீட்டை இடிக்கலாமா? கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் தூளைச் சலித்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ளதைக் கொள்வோம்.

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 4 செ.மீ. உயரம் பரப்ப, ஏறத்தாழ 10 கிலோ போதும். மிக ஆழமாகப் பரப்பினால் அடியில் காற்றுப் புகாது கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எழக்கூடும். அது மீனுக்கு நஞ்சு.

மணலைச் சிறிது சிறிதாக வாளியிலிட்டு, கலங்கல் நீங்கும்வரை அலசுக. சோப்பு கூடவே கூடாது. குடம் தண்ணீரின் அருமையை அறிந்தவர்கள் நாம். ஆதலால் உப்புக் கரிக்காத பின் அலசல் நீரை முருங்கைக்கு ஊற்றுக. பிற்காலத்தில் தொட்டியிலிருந்து இறைக்கும் உப்பு நீரையோ தோட்டத்திலும் கிணற்றோரத்திலும் கொட்டலாகாது, மண் கெடும்.

பின்னர் மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மீது கடல் உப்புக் கலவை கரைத்த நீரை மெல்ல ஊற்றினால் மணல் கலையாது. சமையல் உப்பு இதற்குப் போதாது. கடல் நீரிலுள்ள பிற தாதுக்கள் அதில் இல்லை.

இனித்தான் பொறுமைக்குச் சோதனை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. மணல்மணிகளில் குடியேறும் நுண்ணுயிர்களுள் ஒருவகை அதனை நைட்ரைட்டாக்கும்; மற்றொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இக்குடியேற்றம் முற்றுப்பெற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை சிறிதளவு மீன் தீனியை மட்டும் இட்டு, நீரைச் சோதித்து வருக. அம்மோனியாவும் நைட்ரைட்டும் தோன்றி மறைந்த பின்னரே முதல் மீனை விடலாம்.

வெறும் மணலையும் நீரையும் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும். அவசரப்பட்டு அன்றே மீனை வாங்கிவந்தால், சில நாட்களில் அது செத்து மிதப்பதை அவர்களே காண நேரிடும். மழைக்கு முன்னரே நிலத்தைப் பண்படுத்திக் காத்திருக்கும் உழவரின் பிள்ளைகளுக்கு இக்காத்திருப்பைக் கற்பித்தல் கடினமன்று.