நூற்கண்டு சொல்லும் உயிர் ரகசியம்!

"வட்டத்தின் சுற்றளவைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. கேட்பதில் தவறு இல்லை. தக்க பதில் சொல்லாமல் விடுவதுதான் தவறு. பதில் அவர்கள் உடம்புக்குள்ளேயே இருக்கிறது!

தாய் தந்தையரின் சாயல் பிள்ளைக்கு வருவது எதனால்? உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. என்ற இழையால். ஓர் உயிரணுவில் இருக்கும் இழைகளை வரிசையாக நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர் வரும். அவை அடங்கியிருக்கும் உட்கருவின் அகலமோ, ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்கு வைத்தால் அதில் சுமார் 6 பங்குதான்!

எல்லாவற்றையும் 1 கோடி மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். இழை, 2 செ.மீ. தடிமன் உள்ள கயிறு ஆகிவிடும். அதன் நீளம் 20 ஆயிரம் கிலோ மீட்டர். பூமியின் சுற்றளவில் பாதி! உட்கரு, 60 மீட்டர் அகலம் உள்ள உருண்டை வீடு.

அந்த வீட்டில் கயிற்றைத் திணிக்க இடம் உண்டு. ஆனால் சிக்கு விழுந்தால் அவிழ்ப்பது யார்?

அதனால்தான் இழை கண்டு கண்டாகச் சுற்றப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்தது ஒரு கண்டு. ஓர் உயிரணுவில் சுமார் 3 கோடி கண்டுகள்! இழையில் எதிர் மின்சாரம். கண்டில் நேர் மின்சாரம். ஆகவே இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

எத்தனை சுற்று?

கண்டின் குறுக்களவு சுமார் 6.5 செ.மீ. கயிற்றின் தடிமன் 2 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 8.5. இதை 3.14 ஆல் பெருக்கினால், ஒரு சுற்றுக்குச் சுமார் 27 செ.மீ. கயிறு வேண்டும். ஒரு கண்டுக்கு உரிய கயிறு 50 செ.மீ. அதாவது, இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. பள்ளிக்கூடத்துக் கணக்குதான்!

1997-ல் விஞ்ஞானிகள் எக்ஸ்ரே மூலம் நுணுக்கமாகப் பார்த்தபோது, சுமார் 1.65 சுற்று என்று தெரிந்தது. ஏன் குறைந்தது? கயிற்றின் இரு நுனிகளும் வளையாமல் ஏறக்குறைய நேராகப் போகின்றன. அந்த 7 செ.மீ.யைக் கழித்துவிட்டு வகுத்துப் பாருங்கள். கணக்கு ஏறக்குறைய சரியாக வரும்!

வடிவ கணிதம் ஒரு வகுப்பு, உயிரியல் வேறு வகுப்பு என்று பிரித்து வைத்து, இரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்வதால் பயன் இல்லை. மனப்பாடம் பரீட்சையோடு போய்விடும். கையால் சுற்றிப் பார்த்தது மனதில் நிற்கும்.

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். செலவும் இல்லை. வீட்டில் உள்ள ஒரு டப்பாவையும் கொஞ்சம் கயிற்றையும் பிள்ளையிடம் கொடுங்கள். "எத்தனை சுற்று வரும்? முதலில் கணக்குப் போட்டுச் சொல், பிறகு சுற்றிப் பார்" என்று கேளுங்கள். விஞ்ஞானம் அங்கேதான் தொடங்குகிறது!