குப்பை எங்கே போகிறது?

வீவக வீடுகளில் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து, ஒரு பையை உள்ளே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். கண்ணுக்கு மறைந்த குப்பை, உலகத்தை விட்டே மறைந்துவிட்டது என்பது அவர்கள் நினைப்பு. இந்த நினைப்பு அறிவியலுக்கு ஒவ்வாதது; சிங்கப்பூர் போன்ற சிறிய நாட்டுக்கு ஆபத்தானதும்கூட.

வெந்நீரை ஊற்றி இறுக மூடிய கண்ணாடிப் புட்டி, சிறிது நேரத்தில் ஆறிவிடுகிறது. வெப்பம் வெளியேறுகிறது, ஆனால், ஒரு துளி நீரும் வெளியேறுவதில்லை. இவ்வாறு, ஆற்றல் வந்து போக இடம் தந்து, பொருள் வந்து போக இடம் தராததை ‘மூடிய அமைப்பு’ என்பர். பூமியும் ஏறத்தாழ அத்தகையதே. சூரிய ஒளி உள்ளே வருகிறது. வெப்பம் விண்வெளிக்குச் செல்கிறது. விழும் விண்கற்களையும் கசியும் சிறிதளவு வாயுக்களையும் தவிர, பொருள் வருவதுமில்லை, போவதுமில்லை.

குப்பையை எரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று சிலர் வாதிடலாம். எரிப்பதால் குப்பையின் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைவதும், மின்சாரம் கிடைப்பதும் உண்மைதான். ஆயினும், குறைவது அது அடைத்துக்கொள்ளும் இடமே, பொருள் அழிவதில்லை. பிரெஞ்சு அறிவியலாளர் லவாய்சியர், 1774ஆம் ஆண்டில் மூடிய கண்ணாடிக் கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கினார். உலோகத்தின் ஒரு பகுதி தூளாக மாறியது; கலத்தின் மொத்த எடையோ மாறவில்லை. அதுபோலவே, 12 கிராம் கரி முழுமையாக எரியும்போது, 32 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்து 44 கிராம் கரியமில வாயு ஆகிறது. குப்பையை எரித்து ஒழித்துவிட்டதாகக் கூறுவது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு ஒப்பாகும்.

எரித்தபின் எஞ்சும் சாம்பல், செமக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தக் குப்பை நிரப்பும் இடம், 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என எதிர்பார்க்கப்படுகிறது. இன்றைய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அப்போது வேலைக்குச் செல்லும் வயதில் இருப்பர். இன்று வீசப்படும் பைகளின் சுமையைச் சுமக்கப்போகிறவர்கள் அவர்களே.

இயற்கையும் இதே மூடிய அமைப்பில்தான் இயங்குகிறது. உதிர்ந்த இலை மண்ணில் மக்கி உரமாகிறது. சூரிய ஒளியின் துணையால் மீண்டும் இலையாகத் துளிர்க்கிறது. பொருள் சுழல்கிறது, அதைச் சுழற்றும் ஆற்றல் வெளியிலிருந்து வருகிறது. மனிதரும் அவ்வழியைப் பின்பற்றலாம். தேவைக்கு மேல் வாங்காமை முதற்படி. பழுதானதைச் சரிசெய்து பயன்படுத்துதல் அடுத்தது. மறுபயனீடு அதற்கும் அடுத்தது.

மூடிய புட்டிக்குள் வாழ்பவர்களுக்கு, குப்பையை எறிய ‘வெளியே’ என்று ஓர் இடம் இல்லை. குப்பைக் குழாயின் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு கையும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.