இரு வட்டங்களின் நீதி

ஆரணித் தெருவொன்றில் வீடுகள் 100 எனக் கொள்வோம். தறி நெய்வன 60. நூல் சுற்றுவன 45. இரண்டும் செய்வன 20. இரண்டில் ஒன்றுஞ் செய்யாதன எத்தனை? மாணாக்கர் பலர் 60-ஐயும் 45-ஐயும் கூட்டி, 105 கண்டு திகைப்பர்.

கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் வென் 1880-இல் விளக்கியவாறு, ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்கள் வரைக. பொதுவிடத்தில் முதற்கண் 20 இடுக. தறி மட்டும் 40, நூல் மட்டும் 25, ஆக 85. எஞ்சிய 15 வட்டங்கட்குப் புறம்பே நிற்கும்.

மழையால் தறி நின்ற நாளில், தொழிற்பட்டியல்களைக் கொண்டு அரிசி வழங்கின், இரண்டிலும் உள்ளார் இருமுறை பெறுவர். எதிலும் இல்லார் பசித்திருப்பரன்றோ? ஆதலின், சூத்திரத்தை மனனஞ் செய்யுமுன் வட்டம் வரைந்து பழகுதலே முறையென்பது எம் கருத்து.