வேலையை அளப்பவர் யார்?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியல் தயாரிக்கும் பரபரப்பு தொடங்கிவிடும். கனகம்மாசத்திரம், திருவாலங்காடு வட்டாரத்து மாணவர்களின் பட்டியலிலும் முதலில் கணினி அறிவியல், அடுத்து மின்னணுவியல், பிறகு இயந்திரவியல் என்றே வரிசை போகும். ‘இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்’ என்ற பெயர் கண்ணில் பட்டாலும், ஐ.டி.ஐ. போல ஏதோ ஒன்று என்று நினைத்துப் பலர் கடந்து போகிறார்கள். தலித் மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டிய படிப்பு இது.

தமிழில் இதைத் தொழிலகப் பொறியியல் என்கிறோம். புதிய இயந்திரத்தை வடிவமைப்பது இதன் முதல் வேலையல்ல. ஆள், இயந்திரம், பொருள், நேரம் ஆகிய நான்கும் ஓரிடத்தில் எப்படி இணைந்து இயங்க வேண்டும் என்று கணக்கிடுவதே இந்தப் படிப்பு. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரியில் இதற்குத் தனித் துறையே உண்டு. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் ‘இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்’ என்ற பெயரில் கற்பிக்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். எந்த வயலில் எந்த நாள் வெட்டுவது, எத்தனை வண்டிகள் எந்த நேரத்தில் ஆலை வாசலுக்கு வர வேண்டும் என்பதைச் சரியாகக் கணக்கிட்டால் விவசாயிக்கு நஷ்டமில்லை. ஓட்டுநர் இரவெல்லாம் வரிசையில் கிடக்க வேண்டியதில்லை. வெட்டும் கூலியாளுக்கும் வேலை சீராகக் கிடைக்கும். இந்தக் கணக்குக்குத்தான் இந்தப் படிப்பு. மருத்துவமனை, பேருந்துப் பணிமனை, கிடங்கு, துறைமுகம் என்று பல இடங்களுக்கும் இது பொருந்தும்.

இதில் தலித் மக்களுக்கு என்ன தனி அக்கறை? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கும்மிடிப்பூண்டி, எல்லை தாண்டி ஸ்ரீசிட்டி என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். கம்பெனி பஸ் ஏறிப் போகும் நம் பிள்ளைகளில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவும் பயிற்சித் தொழிலாளர்களாகவும் லைனில் நிற்கிறார்கள். ஒரு பொருளை எத்தனை வினாடியில் முடிக்க வேண்டும், ஒரு ஷிப்டில் எத்தனை முடிக்க வேண்டும், ஓய்வு எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அவர்களைக் கேட்டு முடிவாவதில்லை. அதைக் கணக்கிட்டுத் தருபவர்களில் முக்கியமானவர் தொழிலகப் பொறியாளர். நம் பிள்ளைகள் லைனில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு போடும் மேசையிலும் அவர்கள் உட்கார வேண்டும். தனியார் ஆலைகளில் இடஒதுக்கீடு இல்லை என்பதால், அந்த மேசைக்குப் போகும் வழி பட்டப்படிப்புதான்.

அண்ணல் அம்பேத்கர் இதை நன்கு உணர்ந்திருந்தார். வேலையைப் பிரித்துச் செய்வது வேறு, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது வேறு என்று அவர் வாதிட்டார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அவர். வாரம் 48 மணி நேர வேலை என்ற தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் 1946-ல் வந்தது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். எத்தனை மணி நேரம் என்பதைச் சட்டம் சொல்லும். ஒரு மணிக்குள் எவ்வளவு வேலையைத் திணிப்பது என்பது ஆலைக்குள் முடிவாகிறது.

இந்த அறிவு இரண்டு பக்கமும் வெட்டும். அமெரிக்காவில் ஃபிரெடரிக் டெய்லர் கடிகாரத்தை வைத்து வேலையை அளந்தபோது, தங்களைக் கசக்கிப் பிழியும் முறை இது என்று தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். அதே காலத்தில் ஃபிராங்க் கில்பிரெத் செங்கல் அடுக்கும் வேலையை ஆராய்ந்தார். அவரே கொத்தனாராக வேலை தொடங்கியவர். ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிரத் தேவையில்லாதபடி கல்லையும் கலவையையும் கை உயரத்தில் வைக்கும் சாரம் அமைத்தார். 18 அசைவுகள் ஐந்தளவுக்குக் குறைந்தன. குனிந்து வேலை செய்த முதுகுக்கு அந்த வலி தெரிந்திருந்தது. செங்கல் சூளையும் கரும்பு வயலும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் அது தெரியும்.

இனி இடத்தைப் பற்றி. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு. இதில் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் 2012-ன் அரசாணை 92-ம் உண்டு. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் 2018 முதல் இந்த உதவித்தொகை கிடையாது. கலந்தாய்வுக்கு முன்பே வீடு தேடி வந்து, ‘சீட் இருக்கிறது, ஸ்காலர்ஷிப்பும் வரும்’ என்று அசல் சான்றிதழைக் கேட்கும் தரகர்கள் இதைச் சொல்வதில்லை. சான்றிதழைக் கொடுத்துவிட்டால் கலந்தாய்வுக் கதவும் அடைபடும்.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2021 முதல் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவர் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அது தாமதமானால் ஹால் டிக்கெட்டுக்கு முன் கட்டணம் கேட்டு மாணவரைத்தான் நெருக்குகிறார்கள். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் கடன் வாங்குகிறார்கள், அல்லது பிள்ளை படிப்பை விடுகிறது. பருவம் தொடங்கும்போதே தொகை சேர வேண்டும். ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டுதலும் திருவாலங்காடு ஒன்றியத்தின் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் வர வேண்டும். பாடப்பிரிவின் பெயரை வாசித்தால் போதாது. அதைப் படித்தவர் என்ன வேலை செய்கிறார் என்று சொல்ல வேண்டும்.

மாணவர்கள் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களை இப்போதே இ-சேவை மையத்தில் வாங்கி வையுங்கள். விருப்பப் பட்டியலில் கிண்டியின் தொழிலகப் பொறியியலையும் சேருங்கள். பொதுச் சுற்றில் இடம் கிடைக்காத பட்டியல் சாதி மாணவர்கள், அருந்ததியர் காலியிடங்களை மற்றப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கும் கடைசிச் சுற்று வரை காத்திருங்கள். அதற்குள் யாரிடமும் அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்.