தொட்டி பெரிதா, காற்று பெரிதா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"ஏம்பா தம்பி, காலேஜில நீ பிசிக்ஸ்தானே படிக்கிறே? எந்தக் கம்ப்ரசர் வாங்கலாம், நீயே சொல்லேன்!"

நசரத்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியப்பா கேட்ட கேள்வி இது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் முக்காலியும் அலமாரியும் செய்து பொழுதை இனிதே கழிப்பவர். வார்னிஷைத் தூரிகையால் பூசிச் சலித்துப்போய், ஸ்பிரே கன் வைத்து அடிக்க ஆசைப்பட்டார். எங்கள் தெருவில் பி.எஸ்ஸி. படிப்பவன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று பொருள். 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியைத் தேர்வில் பிழையின்றி எழுதிய நானோ திருதிருவென விழித்தேன்.

மறுநாள் அவருடன் கடைக்குச் சென்றேன். அங்கே இரண்டு இயந்திரங்கள் நின்றன. ஒன்றில் 1 குதிரைத்திறன் மோட்டாரும் 50 லிட்டர் தொட்டியும். மற்றதில் 2 குதிரைத்திறன் மோட்டாரும் 25 லிட்டர் தொட்டியும். பெரியப்பாவின் கண் பெரிய தொட்டியை விட்டு அகலவில்லை. பெரும்பாலோர் செய்யும் தவறு இதுவே என்பது என் துணிபு.

நம் மாடிகளில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டி எவ்வளவு பெரிதாயினும், போரில் ஊற்று இல்லையேல் குழாய் எவ்வளவு நேரம் ஓடும்? அவர் பார்த்து வைத்திருந்த ஸ்பிரே கன் நிமிடத்திற்கு 6 கன அடி, அதாவது ஏறத்தாழ 170 லிட்டர் காற்றைக் கேட்பது. 1 குதிரைத்திறன் கம்ப்ரசர் தருவது நிமிடத்திற்குச் சுமார் 100 லிட்டரே. மீதி 70 லிட்டரைத் தொட்டிதான் ஈடுகட்ட வேண்டும். அழுத்தம் 7 கிலோவிலிருந்து 3 கிலோவுக்கு இறங்கும் வரை, பாயில் விதிப்படி, 50 லிட்டர் தொட்டி கொடுக்கக்கூடியது 200 லிட்டர். மூன்று நிமிடம்கூட ஆகாது! அலமாரிக் கதவின் நடுவில் கன் திணறி, வார்னிஷ் திட்டுத் திட்டாக விழும். ஆணி அடிக்கும் கன்னுக்கோ சைக்கிள் டியூபுக்கோ என்றால் அந்தச் சிறிய மோட்டாரே போதும்; விட்டுவிட்டுத்தானே காற்று வேண்டும்.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது தொட்டியின் அளவும் அன்று, குதிரைத்திறனும் அன்று. வேலை செய்யும் அழுத்தத்தில் நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று வெளியே வருகிறது என்பதே. சில சீட்டுகளில் அச்சிட்டிருப்பது பிஸ்டன் இழுக்கும் அளவு. வெளிவருவது அதைவிடக் குறைவு. பெயர் பெற்ற கம்பெனியா என்பது அதற்குப் பிறகு. 1960-இல் நம் கோவையில் தொடங்கிய எல்ஜி நிறுவனம் (கொரியாவின் எல்ஜி வேறு!) இன்று பல நாடுகளுக்குக் கம்ப்ரசர் அனுப்புகிறது. ஆயினும் எந்தக் கம்பெனி சரக்கானாலும், வேலைக்குப் பொருந்தாததை வாங்கினால் பொருந்தாததுதான்.

பெரிய மோட்டாருக்கும் ஒரு வம்பு உண்டு. 2 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 1,500 வாட். ஓடும்போது சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் கணத்தில் அதைப்போல் பன்மடங்கு. கொட்டகையில் இருந்ததோ விளக்குக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக். தனி ஒயர் இழுத்து 16 ஆம்பியர் பிளக் வைத்தாலன்றி வாங்க வேண்டாம் என்றேன். "அதுக்கு வேற செலவா?" என்று முகம் சுளித்தார். சத்தத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அடுத்த சுவர் எங்கள் வீட்டுச் சுவர்!

செலவு என்றதும், அம்பத்தூர்ப் பக்கம் பழைய தொட்டி மலிவாய்க் கிடைக்குமாமே என்றார். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நம் ஊர்க் காற்று ஈரக் காற்று. 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 75 விழுக்காடாயின், ஒரு கன மீட்டரில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காக அழுத்தி ஆறவிட்டால் 19 கிராம் நீராகி அடியில் தங்கும். அந்நீரே தொட்டியை உள்ளிருந்து அரிப்பது. வெளியே பெயிண்ட் பளபளக்கும். தொட்டியைச் சோதிப்போர் காற்றை விடுத்து நீரை நிரப்பி அழுத்துவது ஏன்? நீர் அழுந்திச் சுருங்காது. விரிசல் விட்டால் கசியும், அவ்வளவே. காற்றோ வில்லைப் போல் விசையைச் சேர்த்து வைத்திருக்கும். தொட்டி வெடித்தால் தகரக் கொட்டகை எம்மாத்திரம்?

கடைசியில் புதிதாகவே 2 குதிரைத்திறன் இயந்திரம் வந்தது. புதுப் பிளக்கும் வந்தது. முதல் நாள் அரை மணி நேரம் ஓட்டிய பின், நான் சொன்னபடி தொட்டியின் அடியிலிருக்கும் வடிகுழாயைத் திறந்து டம்ளரைப் பிடித்தார். என் கணக்கின்படி அரை டம்ளர் வரவேண்டும். வந்தது கால் டம்ளருக்கும் குறைவு.

"மீதி எங்கேப்பா?" என்றார்.

தொட்டி இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. ஆறாத நீராவி காற்றோடு குழாயில் போயிருக்கும் என்றேன். பெரியப்பா முக்காலியைத் திருப்பிப் பார்த்தார். வார்னிஷில் அம்மைத் தழும்பு போல் நான்கைந்து புள்ளிகள். நீரைப் பிரிக்கும் வடிகட்டி வாங்க, ஞாயிற்றுக்கிழமை மீண்டும் கடைக்குப் போகிறோம்.