39 வயதில் கண்டமா?

"இந்த வயதில் ஒரு கண்டம் இருக்கிறது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். வீடே கலங்கிவிடும். தாய் கோவிலுக்கு நேர்ந்துகொள்வாள். மனைவி கணவனை வெளியூர் அனுப்பப் பயப்படுவாள்.

வயது ஒரு மனிதனைக் கொல்லுமா?

39 வயதை எடுத்துக்கொள்வோம். உலகப் புகழ் பெற்ற பலர் அந்த வயதில் மறைந்திருக்கிறார்கள். ஒருவர் துறவி. ஒருவர் இசை மேதை. இருவர் கணித மேதைகள். ஒருவர் மக்களுக்காகப் போராடிய தலைவர். பிறந்த நாடு வேறு. பேசிய மொழி வேறு. வயது மட்டும் ஒன்று!

அப்படியானால் 39 பொல்லாத எண்தானா? அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

விவேகானந்தர்

சுவாமி விவேகானந்தர் 1863-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். 1892-ம் ஆண்டு டிசம்பரில் கன்னியாகுமரிக்கு வந்து தவம் இருந்தார். சென்னை இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டி, அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். சிகாகோ மாநாட்டில் பேசி உலகை வியக்க வைத்தபோது, அவருக்கு வயது 30.

1902-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி இரவு பேலூர் மடத்தில் அவர் காலமானார். சர்க்கரை நோயும் ஆஸ்துமாவும் அவரைப் பல ஆண்டுகளாக வாட்டி வந்தன. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது 1922-ம் ஆண்டில்தான். அதாவது, சுவாமி மறைந்து 20 ஆண்டு கழித்து!

இருமலுக்கு இரையானவர்கள்

போலந்து நாட்டில் பிறந்தவர் ஷோபின். பியானோ இசையில் ஈடு இணை இல்லாதவர். 1849-ம் ஆண்டு பாரீஸ் நகரில் இறந்தார். அவருடைய இதயம் மட்டும் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டது. இன்றும் அது வார்சா நகர மாதா கோவில் ஒன்றில் ஒரு ஜாடியில் இருக்கிறது. அந்த ஜாடியை நிபுணர்கள் பார்வையிட்டு, காசநோய்தான் அவரைக் கொன்றிருக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டில் அறிவித்தார்கள்.

ஜெர்மன் நாட்டுக் கணித மேதை ரீமான். 1866-ம் ஆண்டு இத்தாலியில் ஓர் ஏரிக்கரை ஊரில் இறந்தார். அவரைக் கொன்றதும் காசநோய்தான். அவர் வகுத்த கணக்கைத்தான் ஐன்ஸ்டீன் 1915-ம் ஆண்டில் தன் புகழ் பெற்ற கொள்கைக்குப் பயன்படுத்தினார்.

காசநோய்க் கிருமியை டாக்டர் காக் கண்டுபிடித்தது 1882-ம் ஆண்டில். அதைக் கொல்லும் ஸ்டிரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது 1943-ம் ஆண்டில். இருவருக்கும் அந்த மருந்து கிடைக்கவில்லை.

வைத்தியம் எட்டாத காலம்

பிரெஞ்சு மேதை பாஸ்கல், வரிக்கணக்குப் போடும் தந்தையின் சிரமத்தைப் பார்த்து, சின்ன வயதிலேயே கணக்குப் போடும் இயந்திரம் செய்தவர். வயிற்று வலியும் தலைவலியும் அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டின. அன்றைய வைத்தியத்தால் அவற்றைத் தீர்க்க முடியவில்லை. 1662-ம் ஆண்டு கண் மூடினார்.

நமது பாரதியாருக்கு 39 வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது. யானை தாக்கியதால் அவர் இறந்தார் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அந்தக் காயத்தில் இருந்து பிழைத்து, அவர் மீண்டும் வேலைக்குப் போனார். பிறகு வயிற்றுக் கடுப்பு வந்தது. 1921-ம் ஆண்டு செப்டம்பரில் அது அவரைக் கொண்டுபோய்விட்டது.

குண்டுக்கு மருந்து எது?

அமெரிக்காவில் கறுப்பு இன மக்களுக்காகப் போராடியவர் மார்ட்டின் லூதர் கிங். காந்தியின் அகிம்சை வழியே தன் வழி என்றவர். 1959-ம் ஆண்டு இந்தியா வந்தபோது கன்னியாகுமரிக்கும் வந்தார். விவேகானந்தர் நின்ற அதே கடற்கரை ஊர்! 1964-ம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

1968-ம் ஆண்டு, மெம்பிஸ் நகரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போனார் கிங். ஏப்ரல் 4-ந் தேதி, தங்கியிருந்த விடுதியின் மாடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றது நோய் அல்ல, மனிதனின் வெறுப்பு. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை.

எண் செய்த குற்றம் அல்ல

ஆக, 39 என்ற எண் யாரையும் கொல்லவில்லை. காசநோய் கொன்றது. வைத்தியம் எட்டாத நோய் கொன்றது. துப்பாக்கி கொன்றது. வயதின் மேல் பழி போட்டால், உண்மையான குற்றவாளி தப்பிவிடுவான்.

ஷோபினுக்கும் ரீமானுக்கும் கிடைக்காத மருந்து இன்று சாதாரணக் கூலித் தொழிலாளிக்கும் கிடைக்கிறது. நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காசநோய்க்கு இலவசமாகவே சிகிச்சை தருகிறார்கள். ஆனாலும் இந்த நோயால் சாகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காரணம் என்ன? "சாதாரண இருமல்தானே" என்று நாளைக் கடத்துகிறார்கள். ஊருக்குத் தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்களே என்று மறைக்கிறார்கள். இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். கிருமி சாகாமல், மருந்துக்கே அடங்காத கிருமியாக மாறிவிடுகிறது!

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். நோய் என்று தெரிந்தால், வழக்கமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். டாக்டர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. குடும்பத்தில் சர்க்கரை நோய் இருந்தால், மற்றவர்களும் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கோவிலுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். போகிற வழியில் ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போய் வரட்டும். கண்டம் என்று ஒன்று இருந்தால், அது தாண்டுகிற வழி அதுதான்.