எச்சரிக்கும் கருவியை நாமே செய்வோம்

2019 மார்ச் 7. ஜொகூர், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் பள்ளி மாணவர்கள் மூச்சுத் திணறலுக்கு ஆளாயினர். 13ஆம் தேதி அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். அன்று எச்சரிக்கை மணியாக அமைந்தது பிள்ளைகளின் மூச்சுத் திணறல்தான். அந்த வேலையைச் செய்யக் கருவி வேண்டும்.

அதற்கு உதவும் பொருள்களில் ஒன்று துத்தநாக ஆக்சைடு. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பரைப் பதப்படுத்தவும், அரிப்புக்குப் பூசும் கலமைன் மருந்திலும் பயன்படும் அதே வெள்ளைத் தூள். 1962இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் செய்யாமா குழுவினர், இதன் மெல்லிய படலம் வாயுக்களை உணரும் என்று காட்டினர். சூடான படலத்தின் மேல் ஒட்டும் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்தடை கூடும். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயு வந்தால் அந்த எலெக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை குறையும். இந்த மாற்றமே எச்சரிக்கை.

இதை நானோ அளவுக் கம்பிகளாக வளர்த்தால் வாயு படும் பரப்பு பெருகும். துத்தநாக நைட்ரேட், ஹெக்ஸாமின் கரைசலைச் சுமார் 90 பாகை செல்சியஸில் சில மணி நேரம் வைத்தாலே கண்ணாடித் தகட்டில் கம்பிகள் வளரும். பத்து பகாட் மாவட்டத்தில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தில் நுண்மின்னணுவியலுக்கும் நானோ தொழில்நுட்பத்திற்குமான ஷம்சுடின் ஆய்வு மையம் உள்ளது. படிக்கும் இடம் தூரத்தில் இல்லை.

ஆனால், கம்பியை வளர்ப்பது பாதி வேலைதான். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அழகான படம் கிடைத்ததும் ஆய்வு முடிந்துவிடாது. எக்ஸ் கதிர் மூலம் படிக அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். நம் நாட்டின் ஈரக் காற்றில் கருவி தடுமாறுகிறதா, பல வாயுக்கள் கலந்து வந்தால் பிரித்தறிகிறதா, சில மாதங்கள் கழித்தும் அதே அளவைக் காட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். பொய் எச்சரிக்கை தரும் கருவியை மக்கள் விரைவில் அணைத்து வைத்துவிடுவார்கள். உண்மையான ஆபத்து வரும்போது அது ஊமையாகக் கிடக்கும்.

எனவே, இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களே, இந்தச் சலிப்பூட்டும் சோதனைகளையே தேர்ந்தெடுங்கள். படிவம் 4இல் எந்தப் பாடங்களை எடுப்பது என்று தயங்கும் தம்பி தங்கைகளே, வேதியியல் கடினம் என்று ஒதுங்காதீர்கள். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களைக் காக்கும் கருவியைச் செய்வோர் பட்டியலில் நம் பெயரும் இருக்கட்டும்.